மாத்தேரா நகரத்து ரொட்டியும் கூட்டாஞ்சோறும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியம் கற்றோர் இலக்கியம் பேசுகின்றனர். இசை பயின்றோர் பாடுகின்றனர். மெட்ரிக் படிப்போடு நின்று, இரயில்வேயில் பார்சல் கணக்கு எழுதிக் காலங்கழிக்கும் எங்களைப் போன்றோர்க்கு இங்கே என்ன வேலை என்று ஒதுங்கியிருந்தோம். செயலாளர் விடவில்லை. "இத்தாலிக்குப் போய் வந்தீர்களே, அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்பதையாவது சொல்லுங்கள், தாய்மார்கள் கேட்க ஆவலாயிருக்கிறார்கள்" என்றார். உண்டதைச் சொல்வதற்குப் பட்டம் வேண்டியதில்லை ஆகையால் இசைந்தோம். நாங்கள் என்று இங்கே சொல்வது எம் இல்லாளையும் சேர்த்துத்தான். கண்ணால் கண்டதில் பாதி அவர் கண்டது. நாவால் அறிந்ததிலோ முக்காற்பங்கு அவர் அறிந்தது.

எங்கள் மைத்துனர் இத்தாலியின் தென்பகுதியிலுள்ள பாரி என்னும் துறைமுக நகரத்தில் வேலை பார்க்கிறார். பயணச் செலவு அவருடையது; விடுப்பு மட்டுமே எங்களுடையது. சென்ற ஆண்டு ஜூலைத் திங்கள் இறுதியில் அவருடன் மாத்தேரா என்னும் சிறு நகரத்துக்குச் சென்று, நான்கு நாள் தங்கினோம். அந்நகரத்தார் தலைமுறை தலைமுறையாக உண்டுவரும் உணவைப் பற்றியே இன்று பேச வந்தோம்.

இத்தாலி என்றதும் நம் பிள்ளைகளுக்குப் பீட்சா நினைவுக்கு வருகிறது. அது நேப்பிள்ஸ் நகரத்துப் பண்டம். இத்தாலி என்னும் ஒரே அரசு 1861-இல்தான் அமைந்தது. அதற்கு முன் அது பல சிற்றரசுகளாய்க் கிடந்தது. ஆகவே ஊருக்கு ஓர் உணவு, ஊருக்கு ஒரு ரொட்டி என்று இன்றளவும் பிரிந்தே இருக்கிறது. தஞ்சாவூரார் சமையலும் செட்டிநாட்டார் சமையலும் நெல்லைச் சமையலும் வேறுபடுவதைக் கண்ட நமக்கு இது வியப்பாகாது. நாட்டின் வடிவம் ஒரு காலணி போன்றது என்பர். அக்காலணியின் குதிகாலுக்கும் நுனிக்கும் இடையே வளைந்துள்ள உள்ளங்காற் பகுதிதான் பசிலிக்காத்தா மாநிலம். மலையும் வறண்ட மேடுமான பூமி. நெடுங்காலம் அந்நாட்டின் மிக வறிய பகுதிகளுள் ஒன்றாக இருந்தது. பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்கும் வட இத்தாலிக்கும் மக்கள் கூட்டங்கூட்டமாய்ப் போன ஊர்கள் அங்கே பல. அம்மாநிலத்தில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில், கிராவீனா என்னும் ஆழ்ந்த பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்பது மாத்தேரா. மக்கள்தொகை சுமார் 60,000.

இரயில்வேக்காரர் ஊருக்குப் போனால் முதலில் தண்டவாளத்தைத்தான் பார்ப்பார், மன்னிக்க வேண்டும். பாரியிலிருந்து மாத்தேராவுக்கு 1915-இல் இட்ட பாதை குறுகிய பாதை. அகலம் 950 மில்லிமீட்டர். நம் மீட்டர் கேஜைவிட 50 மில்லிமீட்டர் குறைவு. இரண்டொரு பெட்டி கோத்த சிறு வண்டி, ஆலிவ் தோப்புகளுக்கும் அறுவடை முடிந்த கோதுமை வயல்களுக்கும் இடையே நின்று நின்று போகிறது. தென்னகத்தில் மீட்டர் கேஜ் வண்டியில் ஏறி விடுமுறைக்குப் போன பழைய நாட்கள் எங்களுக்கு நினைவுக்கு வந்தன. இறங்கும் நிலையமோ 2019-இல் புதுப்பித்துத் திறந்தது; கூரை மிக உயரம். வண்டிக்கும் நிலையத்துக்கும் பொருத்தமில்லை என்பது எங்கள் எண்ணம்.

நிற்க. உணவைச் சொல்லுமுன் வீட்டைச் சொல்ல வேண்டும். வீடு தெரியாமல் அவ்வுணவு விளங்காது.

மாத்தேராவின் பழைய பகுதிக்குச் சாஸ்ஸி என்று பெயர். கற்கள் என்பது பொருள். பள்ளத்தாக்கின் சரிவில் மெல்லிய சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து, குகையின் வாயிலில் சிறிது கட்டடம் எழுப்பி, ஒன்றின் கூரை மற்றொன்றின் முற்றமாக அடுக்கடுக்காய் அமைந்த வீடுகள். மனிதர் அங்கே பன்னெடுங்காலமாக வாழ்ந்து வந்திருக்கின்றனர். மழைநீரைப் பாறைக்குள் குடைந்த தொட்டிகளில் தேக்கிக் குடித்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுவிலும் ஏறத்தாழ 15,000 பேர் அங்கே குடியிருந்தனர். பல குடும்பங்களுக்கு ஒரே அறை. அதன் உட்புறத்தில் கோவேறு கழுதை, கட்டிலுக்கடியில் கோழி, கட்டிலின் மேல் மனிதர். காற்றில்லை, குழாயில்லை, வடிகாலில்லை. நோய் மிகுந்தது; குழந்தைகள் மிகுதியாக இறந்தன.

இவ்வவலத்தை வெளியுலகுக்குச் சொன்னவர் கார்லோ லெவி. ஓவியரும் மருத்துவருமான அவர், முசோலினி ஆட்சியில் இம்மாநிலத்துச் சிற்றூர்களுக்கு நாடு கடத்துவதுபோல் அனுப்பப்பட்டு 1935, 36 ஆண்டுகளில் இங்கே வாழ்ந்தவர். அவர் நூல் 1945-இல் வெளிவந்தது. பின்னர் அரசியல் தலைவர்கள் வந்து பார்த்து, மாத்தேரா நாட்டுக்கே வெட்கக்கேடு என்று பேசினர். 1952-ஆம் ஆண்டு மே மாதம் சட்டம் இயற்றி, சாஸ்ஸி மக்களைப் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றத் தொடங்கினர். லா மார்த்தெல்லா, ஸெர்ரா வெனெர்தி, ஸ்பீனே பியான்கே முதலான பகுதிகள் அவ்வாறு எழுந்தவை. பழைய குகைகள் பூட்டிக் கிடந்தன.

அக்குகை வீடுகளுள் ஒன்றை அக்காலத்துத் தட்டுமுட்டுப் பொருள்களோடு காட்சிக்கு வைத்திருக்கின்றனர். உள்ளே நடுவில் ஒரு சிறு மேசை. அதன்மேல் ஒரே ஒரு பெரிய மண்தட்டு. வீட்டார் அனைவரும் அந்த ஒரு தட்டைச் சுற்றியமர்ந்து, அதிலிருந்தே எடுத்து உண்டனராம். எம் இல்லாள் அந்தத் தட்டின் முன் நெடுநேரம் நின்றார். எத்தனை பேர் உண்டிருப்பர் என்று கேட்டார். எட்டு, ஒன்பது பேர் இருந்த வீடுகளும் உண்டு என்றார் மைத்துனர்.

இனி ரொட்டிக்கு வருவோம். மாத்தேராவில் ரொட்டி என்பது சோற்றுக்குத் துணையான பண்டம் அன்று, அதுவே சோறு. மற்றவையெல்லாம் தொட்டுக்கொள்ள. அங்கே விளைவது கெட்டிக் கோதுமை. மத்தியப் பிரதேசத்திலும் புந்தேல்கண்டிலும் கடியா என்று சொல்கிறார்களே, அவ்வினம். மணி கண்ணாடிபோல் உறுதியாக இருக்கும். மாவு வெளிர் மஞ்சள் நிறம். அதை ரவையாக உடைத்து, மீண்டும் ஒருமுறை நுண்ணிதாக அரைத்து ரொட்டிக்கு எடுக்கின்றனர். ஸ்ட்ராம்பெல்லி என்னும் வேளாண் அறிஞர் 1915-இல் தந்த கப்பெல்லி என்னும் கோதுமை வகையை அங்குள்ள முதியோர் இன்றும் பெயர் சொல்லிப் பாராட்டுகின்றனர். நம் முதியோர் சீரகச் சம்பாவைப் பற்றிப் பேசும் அதே குரல்!

பொங்குவதற்குக் கடையில் விற்கும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. அத்திப்பழம், திராட்சை போன்ற கனிகளை நீரில் ஊறவைத்து, அந்நீரில் மாவைப் பிசைந்து புளிக்கவிட்டு உறை மாவு எடுக்கின்றனர். பிறகு ஒவ்வொரு தடவையும் முந்தைய மாவில் சிறிது நிறுத்திவைத்து அடுத்ததற்கு உறையாக இடுகின்றனர். தயிருக்கு உறைமோர் எடுத்துவைக்கும் நம் தாய்மார்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வெந்து வந்த ரொட்டியின் மேல்தோல் தடித்துப் பழுப்பேறி மொறுமொறுவென்றிருக்கிறது. உள்ளே மஞ்சள் நிறத்தில் பெருந்துளைகளோடு மெத்தென்றிருக்கிறது. சிறிது புளிப்பும் உண்டு. ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று எடையில் விற்கின்றனர். ஒருவகை உயர்ந்து குவிந்திருக்கும். மற்றொருவகை வளைந்து கொம்புபோல் இருக்கும். சரிந்த மலைமேட்டைப்போலக் காணப்படுகிறது என்று எங்களுக்குப் பட்டது. தோல் தடித்திருப்பதால் உள்ளீரம் போகாமல் ஒரு வாரத்துக்கு மேலும் கெடாதிருக்கிறது. கழனி தொலைவில், போனவர் சில நாள் கழித்தே திரும்புவர். கெடாத ரொட்டி அவர்களுக்குச் சுவைக்காக அன்று, பிழைப்புக்காக.

2008-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இந்த ரொட்டிக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. இன்ன மாவு, இன்ன வடிவம், இன்ன எடை, மேல்தோல் குறைந்தது மூன்று மில்லிமீட்டர் என்றெல்லாம் விதி உண்டு. அவ்விதிகட்கு உட்படாத ரொட்டியை மாத்தேரா ரொட்டி என்று எவரும் விற்கவியலாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ரொட்டியின் சிறப்பெல்லாம் மாவிலும் தோலிலும் மட்டும் இருந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. ஏனெனில், பழைய நாளில் அது சுடப்பட்ட முறை வேறு.

குகை வீட்டில் பெரிய அடுப்பு வைக்க இடமில்லை, விறகுக்கும் வழியில்லை. ஆகவே மாவைப் பெண்கள் வீட்டில் பிசைந்தனர். சுட்டது பொது அடுப்பில். விடியுமுன் அடுப்புக்காரரின் ஆள் தெருவில் குரல் கொடுத்துப் போவான். பிசைந்த மாவைப் பலகையில் ஏற்றி எடுத்துச் செல்வான். ஒரே அடுப்பில் பல வீட்டு ரொட்டிகள் வேகும்போது எது எவருடையது? அதற்காக ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மரமுத்திரை இருந்தது. அடிப்புறத்தில் குடும்பத் தலைவரின் பெயரின் முதலெழுத்துகள். கைப்பிடியாகச் சேவல், கோழி, மனித உருவம் முதலான சிற்பம். ஆடு மேய்ப்போர் மேய்ச்சல் நிலத்தில் ஓய்ந்திருக்கையில் கத்தியால் செதுக்கியவை அவை. மணக்கவிருக்கும் பெண்ணுக்கு ஒன்றைச் செதுக்கிக் கொடுப்பதும் உண்டு என்றார்கள். பிசைந்த மாவின்மேல் அதை அழுத்தினால் வெந்த பின்னும் எழுத்து நிற்கும். பார்சல் அலுவலகத்தில் மூட்டைக்கு மூட்டை குறியிட்டுப் பழகிய எங்களுக்கு இதைக் கண்டதும் உண்டான மகிழ்ச்சியை என்னென்பது! ரிடோலா பெயர் கொண்ட அருங்காட்சியகத்தில் இம்முத்திரைகள் இருக்கின்றன. அவற்றின் அடிப்பகுதி மழுங்கித் தேய்ந்திருப்பதைக் காணலாம்; எத்தனை ஆயிரம் ரொட்டிகள்மேல் அழுந்தினவோ! கடைகளில் புதிதாகச் செதுக்கிய முத்திரைகளை நினைவுப் பொருளாக விற்கின்றனர். அவை மாவைத் தொடப் போவதில்லை.

காய்ந்துபோன ரொட்டியை அவர்கள் எறிவதில்லை. சல்லெட்டா என்பது அவ்வூரில் கோடைக்குரிய உணவு. பழைய ரொட்டியைத் துண்டாக்கி, நீர் தெளித்து நனைத்து, தக்காளி, வெங்காயம், ஓமத்தை ஒத்த மணமுள்ள காய்ந்த ஒரேகானோ இலை, உப்பு, ஆலிவ் எண்ணெய் சேர்த்துப் பிசிறி உண்கின்றனர். அறுவடைக்காரர் வயலில் உண்டது அது. எங்கள் தட்டில் வந்ததும், எம் இல்லாள் ஒரு வாய் எடுத்து, "இது பழையது அல்லவா!" என்றார். ஆம். பழைய சோற்றில் நீர் ஊற்றி, வெங்காயம் கடித்து உண்டு உழச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு அதைப் புதிதாக எவரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வெந்நீரில் பூண்டும் பிரிஞ்சி இலையும் இட்டுக் கொதிக்கவைத்து, முட்டை உடைத்து ஊற்றி, ரொட்டியின்மேல் விட்டு உண்பதும் உண்டு, அது குளிர்காலத்துக்கு.

இறைச்சி அரிதாகவே கிடைத்த மக்கள் அவர்கள். முதிர்ந்த ஆட்டின் கறியை மண்பானையில் இட்டு, வாயை மாவால் மூடி நெடுநேரம் வேகவைக்கும் பிஞ்ஞாத்தா என்றொரு சமையல் உண்டு. அதை மைத்துனர் உண்டார், நன்றாயிருந்ததாகச் சொன்னார். நாங்கள் மரக்கறியாளர், அதற்குமேல் சொல்லத் தெரியாது. ஆனால் வெளிநாட்டில் மரக்கறியாளர் பட்டினி கிடக்க நேரும் என்று அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்வோம்: மாத்தேராவின் பழைய உணவில் பெரும்பகுதி நமக்கு ஏற்றதே. வறுமையின் சமையலில் பருப்பும் கீரையுமே மிகுதி.

எடுத்துக்காட்டாக, ஃபாவா அவரை. வடநாட்டுச் சந்தையில் பாக்லா என்று கிடைக்கிறதே, அதன் காய்ந்த பருப்பு. தோல் நீக்கிக் குழைய வேகவைத்துக் கடைந்து, மேலே எண்ணெய் ஊற்றுகின்றனர். பக்கத்தில் சிக்கரி என்னும் கசப்புக் கீரையை வேகவைத்து வைக்கின்றனர். ஒரு கவளம் பருப்பு, ஒரு கவளம் கீரை. இனிப்பும் கசப்பும் மாறிமாறி வருகின்றன. மிளகாய் இல்லை, புளி இல்லை, தாளிதம் இல்லை. முதல் நாள் எங்களுக்குச் சப்பென்றிருந்தது. மூன்றாம் நாள் அதையே கேட்டு வாங்கினோம்.

காரத்துக்கு ஏங்கிய எங்களுக்குக் குருஸ்கி மிளகாய் ஆறுதல் தந்தது என்று சொல்ல விரும்புகிறோம்; ஆனால் அதிலும் காரம் இல்லை! இம்மாநிலத்துச் செனீசே என்னும் ஊரைச் சார்ந்த சிவந்த நீள மிளகாய் அது. அமெரிக்காவிலிருந்து வந்த செடி அங்கே இனித்துப் போயிற்று. நூலில் மாலையாகக் கோத்துச் சுவரில் தொங்கவிட்டு உலர்த்துகின்றனர். உலர்ந்ததைச் சூடான எண்ணெயில் சில விநாடிகள் மட்டும் பொரித்தால், வாயிலிட்டவுடன் நொறுங்குகிறது. நம் மோர்மிளகாய் வற்றலின் உறவினன் என்று சொல்லலாம். உப்பும் உறைப்பும் இல்லாத உறவினன். அதை நொறுக்கி, பொரித்த ரொட்டித் தூளோடு கலந்து, வேகவைத்த பாஸ்தாவின்மேல் தூவுகின்றனர். பாலாடைக்கட்டி வாங்க இயலாதவர் அதற்கு மாற்றாகத் தூவியது ரொட்டித் தூள். இன்று பாலாடைக்கட்டி வாங்க இயன்றவரும் ரொட்டித் தூளையே கேட்கின்றனர். லம்பஷோனி என்று ஒரு காட்டுக் கிழங்கும் உண்டு. சிறு வெங்காயம்போல் இருக்கும், கசக்கும். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

இனி, நாங்கள் மிகவும் விரும்பிச் சொல்ல வந்ததைச் சொல்கிறோம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் நாள் மாத்தேரா மக்கள் கிராப்பியாத்தா என்றொரு உணவைச் சமைக்கின்றனர். கோதுமை அறுவடை முடிந்த காலம். குகை வீடுகள் ஒரு பொது முற்றத்தைச் சூழ்ந்திருந்தன என்றோமே, அம்முற்றத்துக்கும் அதைச் சார்ந்த வீட்டார்க்கும் விச்சினாத்தோ என்று பெயர். அண்டை அயல் என்பது பொருள். நெல்லைச் சீமையில் வளவு என்று சொல்கிறோமே, ஏறத்தாழ அதுவே. அங்கே தண்ணீர்த் தொட்டி பொது, துவைக்கும் இடம் பொது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிழவியும் பொது. ஆகஸ்ட் முதல் நாளில் ஒவ்வொரு வீட்டாரும் தம்மிடம் எஞ்சிய தானியத்தில் ஒரு கை கொண்டுவந்து, முற்றத்தில் ஏற்றிய பெரிய கொப்பரையில் இடுவர். கோதுமை, கொண்டைக்கடலை, மொச்சை போன்ற அவரை வகைகள், ஃபாவா, பட்டாணி, மைசூர்ப்பருப்பின் இனத்தைச் சேர்ந்த பயறு, புது உருளைக்கிழங்கு. எல்லாம் முதல் நாள் இரவே ஊறியவை. உப்பு, வெங்காயம் முதலியன சேர்த்து மெல்லிய தீயில் மணிக்கணக்கில் வேகும். வெந்ததும் எல்லோரும் சேர்ந்து உண்பர்.

அவற்றுள் ஒரு பருப்பைக் கண்டு நாங்கள் திடுக்கிட்டோம். அவர்கள் சிச்செர்கியா என்கின்றனர். பார்த்தால் நம் கேசரிப் பருப்பு! பஞ்சத்தில் ஏழைகள் அதையே நாள்தோறும் உண்டு கால் முடங்கிப் போனதைக் கண்டு, நம் நாட்டில் 1961-இல் அதன் விற்பனையைத் தடை செய்தனர். மழை பொய்த்தாலும் விளையும் பயிர் ஆதலால் இரு நாட்டு ஏழைகளும் அதையே பற்றியிருக்கின்றனர். எப்போதாவது, பலவற்றோடு சிறிது கலந்து உண்டால் தீங்கில்லை என்று மைத்துனர் தேற்றினார். எம் இல்லாள் ஆறேழு மணிகளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் உண்டார்.

நாங்கள் இதை உண்டது குகைப் பகுதியில் அன்று. மக்களைக் குடியேற்றிய புதிய குடியிருப்பு ஒன்றின் திடலில். பெரிய கொப்பரைகள், வரிசையில் நின்றவர்க்கெல்லாம் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தனர். அயலார் என்று எங்களை விலக்கவில்லை. சுவையைக் கேட்கிறீர்களா? நம் கூட்டாஞ்சோற்றில் காரமும் புளியும் நீக்கி, அரிசிக்கு மாற்றாகக் கோதுமை இட்டதாகக் கருதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பருப்பும் தன் சுவையைக் காட்டுகிறது. வயிறு நிறைகிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு மூதாட்டியார் அமர்ந்திருந்தார். எண்பதை ஒட்டிய வயது. மைத்துனர் மொழிபெயர்க்க, சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தோம். குகையில் பிறந்து, சிறுமியாயிருக்கையில் குடும்பத்தோடு வெளியேறியவர். பழைய வீட்டைப் பற்றிக் கேட்டோம். அழகு, பழமை என்று ஏதேனும் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். புதிய வீட்டில் குழாயைத் திறந்ததும் நீர் வந்ததைத்தான் அவர் முதலில் சொன்னார். குகையில் தம் உடன்பிறந்தார் இருவர் குழந்தைப் பருவத்திலேயே இறந்ததை அடுத்துச் சொன்னார். பிறகு, சிறிது பொறுத்து, இன்னொன்று சொன்னார். புதிய வீட்டுக்கு வந்த முதலாண்டில் அவர் தாயார் பழைய அளவிலேயே மாவு பிசைந்துவிடுவாராம். அண்டை வீட்டார்க்கும் சேர்த்துப் பிசைந்த கை. ஆனால் அண்டை வீட்டார் நகரின் மறுகோடியில் வேறொரு குடியிருப்பில் இருந்தனர். மிஞ்சிய ரொட்டியை என்ன செய்வதென்று தெரியாமல், தாயார் அதை எதிரே வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பாராம்.

வேலை மாற்றத்தால் ஊர் ஊராகப் பெயர்ந்த நம் காலனிப் பெண்மணிகளிடமும் இத்தகைய கதைகள் உண்டு. அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

வெறிச்சோடிக் கிடந்த குகைகளின் நிலை பின்னர் மாறியது. 1986-இல் அவற்றைச் செப்பனிட அரசு சட்டம் செய்து பொருள் ஒதுக்கியது. 1993-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பசோலினி 1964-இல் ஏசுநாதர் வரலாற்றைப் படமாக்கிய இடம் என்பதும் அதற்குப் புகழ் சேர்த்திருந்தது. 2019-இல் மாத்தேரா ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர் என்னும் சிறப்பைப் பெற்றது. எந்தக் குகையை நாட்டின் வெட்கக்கேடு என்று பூட்டினரோ, அக்குகையில் இன்று விடுதிகளும் உணவகங்களும் நடக்கின்றன. கோவேறு கழுதை நின்ற இடத்தில் மேசை. தீவனத் தொட்டியில் மலர்க்கொத்து.

அத்தகைய உணவகம் ஒன்றில் ஓர் இரவு உண்டோம். ஏழரை மணிக்கு முன் அங்கே அடுப்பு மூட்டுவதில்லை. ஆறு மணிக்கே பசிக்கும் நம்மவர்க்கு அது ஒரு சோதனை. கடைந்த ஃபாவாவும் கீரையும் ஒரு தட்டு 12 யூரோ. நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். தட்டு பெரிது, நடுவில் உணவு சிறிது. ஒரு தட்டைச் சுற்றி ஒன்பது பேர் உண்ட ஊரில், ஒருவருக்கு இவ்வளவு பெரிய தட்டு! சமையல் நன்றாகவே இருந்தது. அதைக் குறை சொல்வது நேர்மையன்று.

இவ்விலையைப் பற்றி எங்களுக்கும் மைத்துனருக்கும் அன்றிரவு வழக்கு நடந்தது. ஏழையின் உணவை ஏழை வாங்கவியலாத விலைக்கு விற்பது தகுமா என்பது எங்கள் கேள்வி. அவர் சொன்னது வேறு. முன்பெல்லாம் இவ்வூர்ப் பிள்ளைகள் பிழைப்புக்காக வடக்கே போய், தாம் எந்த ஊர் என்று சொல்லவே கூசினர். தம் வீட்டில் என்ன சமைப்பர் என்பதை மறைத்தனர். இன்று அதே உணவின் பெயரைச் சுவரில் எழுதிவைத்து இங்கேயே பிழைக்கின்றனர். இதை எப்படிக் குறை சொல்வீர்கள் என்றார். அதற்கு எங்களிடம் எளிதில் விடையில்லை. வடநாட்டுப் பள்ளிகளில் தயிர்ச்சோற்று டப்பாவைப் பாதி மூடியபடி உண்ட பிள்ளைகளை நாம் அறிவோம். அவர்களிற் சிலர் இதோ இந்த அவையிலேயே பெரியவர்களாய் அமர்ந்திருக்கின்றனர்.

எம் இல்லாள் இருவர் பேச்சையும் கேட்டுவிட்டு, திடலில் ஊற்றிய கிண்ணத்துக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கேட்டார். அதற்கு எவரும் எங்களிடம் காசு கேட்கவில்லை. ஒரே ஊரில், ஒரே பருப்பு. அந்தக் குகை உணவகத்துக்கு அம்மூதாட்டியார் ஒருநாளும் போனதில்லை என்பதை மைத்துனர் அப்போதுதான் சொன்னார். அன்று அவர் பேச்சில் தாம் அதை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

புறப்படும் நாளில் இரண்டு கிலோ ரொட்டி ஒன்று வாங்கித் துணியில் சுற்றிக் கொண்டுவந்தோம். விமானத்திலும் இரயிலிலும் வந்த அது, காலனிக்கு வந்து சேர்ந்த பின்னும் கெடவில்லை. எதிர்வீட்டார், மேல்மாடியார், மூலைவீட்டு ஆந்திரக் குடும்பத்தார் அனைவர்க்கும் ஆளுக்கொரு துண்டு போயிற்று. ஒன்பதாம் நாள் எஞ்சிய காய்ந்த துண்டில் நீர் தெளித்து, தக்காளியும் சின்ன வெங்காயமும் அரிந்திட்டு, ஒரேகானோ இல்லாத குறைக்கு ஓமத்தைக் கசக்கித் தூவி, ஆலிவ் எண்ணெய்க்கு மாற்றாக நல்லெண்ணெய் ஊற்றி எம் இல்லாள் பிசிறி வைத்தார். பிள்ளைகள் ஒரு பச்சைமிளகாயையும் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொண்டனர். மாத்தேராக்காரர் கண்டால் என்ன சொல்வாரோ. தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.

செய்முறை வேண்டும் தாய்மார்கள் உணவு இடைவேளையில் எம் இல்லாளைக் கேட்கலாம்.